மண்ணைக் கொட்டுமுன் தண்ணீருக்கு வழி காட்டுங்கள்

பினாங்கின் பெருநிலப் பகுதியில் இருக்கும் பத்து காவானில் தொழிற்சாலைகள் வரட்டும். நம் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. ஆனால் தொழிற்சாலைக்கு முன்னால் வருவது, நிலத்தை மேடாக்கும் மண் லோரி. அதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

அந்த வட்டாரம் கடலோரத் தாழ்நிலம். எஸ்டேட்டாக இருந்த காலத்தில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிய பாரிட்டு வாய்க்கால்கள் மழைத்தண்ணீரைத் தாங்கி மெதுவாக ஆற்றுக்கு விட்டன. தோட்டம் காடு ஆகாது, உரமும் மருந்தும் அப்போதும் ஆற்றில்தான் கலந்தன. ஆனாலும் மழை மண்ணுக்குள் இறங்கியது. இப்போது நிலத்தை மேடாக்கி, மேலே சிமெண்டும் தாரும் போட்டுவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துப் பழைய கம்பத்துக்கும் தாமான் குடியிருப்புக்கும்தான்.

என் சித்தி வீடு அப்படித்தான் பள்ளமாகிப்போனது. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் வடிகாலான லோங்காங் நிரம்பி, தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிடுகிறது. வடிந்த பிறகு தரையெல்லாம் செம்மண் சேறு. அவர் வீட்டைச் சுற்றி இருப்பதோ சாம்பல் நிறக் களிமண். அந்தச் செம்மண், பக்கத்தில் கொட்டி உயர்த்திய மேட்டிலிருந்து கழுவி வந்தது. லோங்காங்கை அடைத்தது போக மிச்சம் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

ஆறு கெட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து, கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பு போனது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீஸும் அப்போதே குரல் கொடுத்தார்கள்.

2017 நவம்பரில் பினாங்கில் வந்த பெருவெள்ளத்தை இதில் சேர்க்க மாட்டேன். அது புயல் மழை, எந்த வடிகாலும் திணறியிருக்கும். நான் சொல்வது சாதாரண மாலை மழைக்கு வரும் வெள்ளம்.

விதி இல்லாமல் இல்லை. 2001இல் நடைமுறைக்கு வந்த மழைநீர்க் கையேட்டின்படி, கட்டடம் எழும்பிய பிறகும் நிலத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் வேகம் முன்பைவிடக் கூடக் கூடாது. கூடுதல் தண்ணீரை அங்கேயே தேக்கி வைக்க வேண்டும். சரி, குளம் வெட்டுகிறார்கள். சேறு அள்ளாத குளம் எத்தனை மழைக்குத் தாங்கும்? கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்தால்? பத்துத் திட்டங்களுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டால், பத்தின் தண்ணீரும் ஒரே ஆற்றில் விழுவதை யார் கணக்கில் எடுப்பது?

இனி மண் கொட்ட அனுமதி தருமுன், பக்கத்துத் தாமான் மக்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டுங்கள். நிலம் எவ்வளவு உயரும், தண்ணீர் எந்த லோங்காங் வழியாகப் போகும், அந்தக் குளத்தில் சேறு அள்ளும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுத்தில் கொடுங்கள். அப்புறம் லோரி வரட்டும்.