சீல் ஆகணும் என்கிற பையன் கடற்படைக்குப் போகணுமா, மெரீனுக்கா?

அமெரிக்காவில் வளரும் நம்ம வீட்டுப் பிள்ளைகளில் ராணுவத்துக்குப் போகிறேன் என்பவன் அபூர்வம். அப்படிச் சொல்கிறவனும் எடுத்த எடுப்பிலேயே ‘நேவி சீல்’ என்பான், அதாவது அமெரிக்கக் கடற்படையின் சிறப்பு அதிரடிப் படை. நண்பரின் மகன் அப்படி ஒருவன். பதினொன்றாம் வகுப்பு, பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறான், காலை ஐந்து மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுகிற ரகம். சிப்பாயாக வேண்டாம், படித்து அதிகாரியாகப் போ என்கிற அளவுக்கு அப்பா இறங்கி வந்துவிட்டார். அம்மா இன்னும் இறங்கவில்லை. இப்போது அந்த வீட்டில் ஓடும் பஞ்சாயத்து, கடற்படை அதிகாரியா, மெரீன் (கடல்வழி போய்த் தரையில் இறங்கிப் போரிடும் தனிப் படை) அதிகாரியா, எந்த வழியில் போனால் ஸ்பெஷல் ஃபோர்ஸுக்குள் நுழையலாம் என்பதுதான்.

நான் ராணுவக்காரன் இல்லை. ஆனால் சான் டியாகோவில் குடியிருந்தால் அலுவலகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் முன்னாள் கடற்படை, முன்னாள் மெரீன். கேட்டுக் கேட்டு, படித்துப் படித்து எனக்கென்று ஒரு கருத்து வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீல் கிடைக்காமல் போனால் மறுநாள் காலையில் எந்த வேலையில் போய் நிற்பாய்? அந்த வேலையைப் பார்த்து முடிவெடு. ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அந்த மறுநாள் வரத்தான் செய்கிறது.

கடற்படை வழியை முதலில் பார்ப்போம். அன்னாபோலிஸில் 1845-இல் தொடங்கிய நேவல் அகாடமியில் இருந்தோ, கல்லூரியில் படித்துக்கொண்டே ஆர்.ஓ.டி.சி. என்கிற அதிகாரிப் பயிற்சித் திட்டம் வழியாகவோ அதிகாரி ஆகலாம். சீல் வேண்டும் என்றால் கல்லூரி கடைசி வருஷத்துக்கு முந்தைய கோடையில் சான் டியாகோ பக்கத்துக் கொரொனாடோவில் இரண்டு வாரத் தேர்வு நடக்கும். அதற்குப் போகவே போட்டி. அதற்குப் பிறகு ஒரு குழு உட்கார்ந்து பெயர்களை வடிகட்டும். நாடு முழுக்க வருஷத்துக்குச் சில டஜன் புது அதிகாரிகளுக்குத்தான் இடம். கிடைத்தால் பட்டம் வாங்கிய கையோடு நேராக பட்ஸ் எனப்படும் சீல் அடிப்படைப் பயிற்சி, சுமார் ஆறு மாதம். அதையும் முடித்தால் மேலும் ஆறு மாதத் தகுதிப் பயிற்சி, பிறகுதான் சட்டையில் அந்தத் திரிசூலச் சின்னம்.

இங்கே விருந்தாளி வந்தால் கொரொனாடோ கடற்கரைக்குக் கூட்டிப்போவோம். சில நாள் அந்தப் பையன்கள் கண்ணில் படுவார்கள். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு கறுப்பு ரப்பர் படகைத் தலையில் சுமந்தபடி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். சட்டை, பேன்ட், பூட்ஸ் எல்லாம் தொப்பலாக நனைந்து, அதன்மேல் மணல் அப்பி, முகமே தெரியாது. அதில் எவன் அதிகாரி, எவன் சிப்பாய் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பயிற்சி, ஒரே குளிர். ஒரு வித்தியாசம் உண்டு: படகுக்குப் பொறுப்பு அதிகாரி தலையில்தான் விழும். அவன் குழு தோற்றால் மொத்தக் குழுவுக்கும் தண்டனை.

பட்ஸின் நடுவில் வரும் ‘ஹெல் வீக்’ என்கிற நரக வாரம் பற்றிப் பலருக்கும் தெரியும். ஐந்தரை நாள், மொத்தமாகச் சேர்த்தே நாலு மணி நேரம்தான் தூக்கம். சேருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தப் பயிற்சியை முடிப்பதில்லை. 2022 பிப்ரவரியில், ஹெல் வீக்கை முடித்த சில மணி நேரத்தில் கைல் மல்லன் என்ற 24 வயது இளைஞர் நிமோனியாவில் இறந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய திடகாத்திரமான பையன். அம்மாக்களிடம் இதை மறைக்காதீர்கள். எப்படியும் கூகுளில் பார்த்துவிடுவார்கள்.

சரி, முடியவில்லை என்று மணியை அடித்துவிட்டு (பயிற்சியிலிருந்து விலகுகிறவன் அப்படித்தான் அறிவிக்கணும்) வெளியே வந்த அதிகாரி என்ன ஆவான்? கடற்படைக்கு எங்கே ஆள் வேண்டுமோ அங்கே போவான். பெரும்பாலும் அவன் ஆசைப்பட்ட இடமாக அது இருக்காது. டிஸ்ட்ராயர் கப்பலில் இளநிலை அதிகாரியாகப் போய் நிற்க வேண்டி வரலாம். எஞ்சின் பிரிவோ, ஆயுதப் பிரிவோ, இருபது முப்பது மாலுமிகளுக்குப் பொறுப்பு. பகல் முழுக்கப் பராமரிப்புத் தாள்கள், நள்ளிரவில் கப்பல் மேடையில் காவல். மட்டமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 22, 23 வயதில் ஒன்பதாயிரம் டன் கப்பலை ஓட்டும் பொறுப்பு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் கஷ்டமான வேலை. 2017-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஜப்பான் பக்கத்திலும், ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் பக்கத்திலும் வணிகக் கப்பல்களோடு மோதி மொத்தம் 17 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த காரணங்களில் தூக்கமில்லாத சோர்வும், போதாத பயிற்சியும் இருந்தன. கப்பலை உண்மையாகவே நேசிக்கிறவனுக்கு மட்டும்தான் அந்த வாழ்க்கை தாங்கும்.

நண்பரின் மகனிடம் இதைத்தான் கேட்டேன். “சீல் கிடைக்கல, கப்பல்ல மூணு வருஷம் போடறாங்க. சந்தோஷமா போவியாடா?” முகம் சுருங்கிவிட்டது. “கப்பலா அங்கிள்? அதுக்கு நான் நேவிக்கே போக மாட்டேன்.” எனக்கு அந்த ஒரு பதில் போதும்.

மெரீன் வழி வேறு மாதிரி. அங்கே ஸ்பெஷல் ஃபோர்ஸ் கதவை முதல் நாளே தட்ட முடியாது. மெரீன் அதிகாரி யாராக இருந்தாலும், நாளைக்கு விமானம் ஓட்டப் போகிறவனும் வக்கீலாகப் போகிறவனும்கூட, வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் ஏறக்குறைய ஆறு மாதம் பேசிக் ஸ்கூலில் காலாட்படை வேலை கற்றே ஆகணும். எந்தப் பிரிவு என்பது அங்கேதான் முடிவாகும். காலாட்படை கிடைத்தால் இன்னொரு கடினமான பயிற்சி, பிறகு நாற்பது பேர் கொண்ட பிளட்டூன் கையில் வரும்.

மெரீன்களின் ஸ்பெஷல் ஃபோர்ஸான மார்சாக் 2006-இல்தான் உருவானது. சீல் 1962-இலிருந்தே இருக்கிறது. ரெய்டர்ஸ் என்று அழைக்கப்படும் அந்தப் படைக்கு அதிகாரி விண்ணப்பிப்பது முதல் லெப்டினன்ட்டோ கேப்டனோ ஆன பிறகு. அதாவது கல்லூரி முடித்து மூன்று நாலு வருஷம் ஆட்களை நடத்திப் பழகிய பிறகு. தேர்வில் தேறினால் சுமார் ஒன்பது மாதப் பயிற்சி, அதன்பின் பதினாலு பேர் குழுவுக்குத் தலைமை. தேறவில்லை என்றால் மறுபடி தன் பழைய மெரீன் வேலைக்கே போகிறான். அது அவன் ஏற்கெனவே கற்று, செய்து, பெயர் எடுத்த வேலை.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். கடற்படை 21 வயதில் மொத்தத்தையும் ஒரே சீட்டில் வைக்கச் சொல்கிறது. மெரீன் முதலில் ஒரு தொழிலைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டுமானால் ஆடிப்பார் என்கிறது. ஆனால் மெரீனிலும் காலாட்படை உறுதி இல்லை. பேசிக் ஸ்கூலில் வாங்கும் இடத்தைப் பொறுத்து சப்ளை, லாஜிஸ்டிக்ஸ், தகவல் தொடர்பு என்று எங்கே வேண்டுமானாலும் தள்ளுவார்கள். ‘மெரீன் என்றாலே துப்பாக்கியோடு காட்டுக்குள்’ என்று நினைத்துக்கொண்டு போய், கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவதுதான் ஆசை என்றால் அதிகாரி வேலை அதற்கு ஏற்றதில்லை. சீல் அதிகாரி பிளட்டூனில் துணைத் தலைவர், தலைவர் என்று சில வருஷம் இருப்பார். பிறகு பதவி ஏற ஏற, திட்டம், கூட்டம், அறிக்கை, மேலதிகாரிக்குப் பதில் சொல்வது. மார்சாக்கிலும் குழுத் தலைமைக் காலம் முடிந்தால் அதே கதைதான். வருஷக்கணக்காகக் களத்திலேயே இருப்பவர்கள் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள்தான். ஜானி கிம்மையே பாருங்கள். கொரியக் குடியேறிகளின் மகன், சிப்பாயாகச் சேர்ந்து சீல் ஆகி, ஹார்வர்டில் படித்து டாக்டர் ஆகி, நாசாவில் விண்வெளி வீரராகி 2025-இல் விண்வெளி நிலையத்துக்கே போய்விட்டார். ஆசிய அம்மாக்கள் கூடுகிற இடத்தில் இவர் பெயரை எடுத்தால் மற்ற பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான்.

ஆக நண்பருக்கு நான் சொன்னது: இவனுக்கு மெரீன். கப்பல் என்றாலே முகம் சுளிக்கிறவன், ஆட்களோடு சேர்ந்து மண்ணில் புரள ஆசைப்படுகிறவன், கடற்படைக்குப் போய் அந்தக் குறுகலான சீல் வாசலை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இதே பையன் “கப்பலும் ஓகே அங்கிள்” என்று சொல்லியிருந்தால், தயங்காமல் கடற்படை என்றிருப்பேன். அவன் நீச்சலுக்கு சீல் முயற்சி வீண்போகாது.

நண்பருக்கு ஒரு வருத்தம். ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையில் கடற்படைப் பக்கம் போனால் கால்குலஸும் அதைச் சார்ந்த இயற்பியலும் கட்டாயம், இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு முன்னுரிமை. மெரீன் பக்கம் எந்தப் பாடமும் எடுக்கலாம். “அப்போ இவன் ஹிஸ்டரி எடுத்துடுவானே!” என்று அலறினார். எடுக்கட்டும். பையனுக்கு அதுவரை உறுதி வரவில்லை என்றால் மெரீன்களின் பி.எல்.சி. திட்டம் இருக்கிறது. கல்லூரிக் கோடை விடுமுறையில் குவாண்டிகோ போய் அதிகாரிப் பயிற்சியை முடித்துப் பார்க்கலாம். பதவிப் பிரமாணம் எடுக்கும்வரை விலகிக்கொள்ள வழி உண்டு. அகாடமியோ உதவித்தொகையோ என்றால் ஆரம்ப ஒன்றிரண்டு வருஷத்துக்குள் விலகலாம்; அதைத் தாண்டிவிட்டால் நாலைந்து வருஷக் கட்டாயப் பணி, அதிலிருந்து லேசில் நழுவ முடியாது.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். அதிகாரி ஆக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வைத்துக்கொண்டு சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. அடுத்தது மருத்துவப் பதிவு. பதிமூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்று ஃபைலில் ஏறியிருந்தால் தகுதி போய்விடும், தனியாக விலக்கு கேட்டு நிற்க வேண்டும். சளி, இருமலுக்கெல்லாம் டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலர் நம்ம வீடுகளில் நிறைய. பையன் விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்த ஃபைலை ஒருமுறை வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிடுங்கள்.