வடிகாலுக்கும் விதைக்கும் ஒரே நாட்காட்டி வேண்டும்

காவிரி டெல்டாவில் காலநிலை மாற்றத் தகவமைப்புத் திட்டம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். யாருக்குக் கோபம் வந்தாலும் சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பணமும் தொழில்நுட்பமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தேதிகள்தான் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கின்றன.

சி.ஆர். 1009 சப்-1 நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து கிடைத்த சப்-1 என்ற மரபணு அதில் இருக்கிறது. இளம் பயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்த்துவிடும். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டுகிற நாகை, திருவாரூர் கடைமடைக்கென்றே செய்தது போன்ற ரகம். ஆனால் ஏறத்தாழ 155 நாள் எடுக்கும் நீண்டகால ரகம்; ஆகஸ்டிலேயே நாற்றங்காலுக்குப் போயாக வேண்டும். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்ற பழைய கணக்கில்தான் எல்லாத் துறையும் திட்டம் போடுகிறது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அணை எப்போது திறந்தால் என்ன, விதைக் கோப்பு தன் போக்கில்தான் நகரும். செப்டம்பர் கடைசியில் வந்து இறங்குகிற நீண்டகால விதையை, மானியத்தில் கிடைக்கிறதே என்று ஒருவர் வாங்கி விதைத்தால் அறுவடை மார்ச்சுக்குப் போய்விடும். அணையை மூடுவதோ வழக்கப்படி ஜனவரி 28. பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடைக்காரர் தண்ணீருக்கு எங்கே போவார்?

விதை சரியான நாளில் வந்தாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. இரண்டு வாரம் தாங்கும் என்றால், இரண்டு வாரத்துக்குள் தண்ணீர் வடிய வேண்டும் என்றுதானே அர்த்தம்? தலைஞாயிறு பக்கம் ஒரு பெரியவர் சொன்னார்: “விதையெல்லாம் நல்ல விதைதான் தம்பி. தண்ணி போறதுக்கு வழிய யாரு குடுப்பா?” புயல் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்ளே வாங்காது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கடல் வாங்குகிற நாளிலும் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் அதை இயற்கைப் பேரிடர் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு போன்றவற்றைச் சீர்படுத்த ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் பெரிய வேலைகள் நடந்தன. நல்லது. ஆனால் ஆறும் பெரிய வடிகாலும் ஒரு துறையிடம், ‘சி’, ‘டி’ பிரிவு என்கிற சிறிய கிளை வாய்க்கால்கள் வேறொரு துறையிடம், அதற்கும் கீழே இருப்பது ஊராட்சி நூறு நாள் வேலைக்கு எடுத்தால் உண்டு. எங்கள் திட்ட ஊர் ஒன்றில் பெரிய வடிகாலைத் தூர்வாரி முடித்தார்கள். அதில் விழுகிற வாய்க்கால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இருந்தது. அந்த ஆண்டு மழையில் ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறி வயலுக்குள் வந்தது.

தூர்வார ஏற்ற காலம் சம்பா அறுவடைக்கும் மேட்டூர் திறப்புக்கும் நடுவே இருக்கிற கோடைதான். நிதியாண்டு முடிவதோ மார்ச் 31. ஆறு காய்ந்து பொக்லைன் இறங்கலாம் என்கிறபோது பழைய பணம் திரும்பிப் போய்விடும், புதுப் பணத்துக்கு ஒப்பந்தப்புள்ளி விட வேண்டும். நடுவில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்சியர் தலைமை, காலநிலை அலுவலர் மாவட்ட வன அலுவலர். நெல்லைத் தவிர கண்ணுக்கு வேறெதுவும் தெரியாத வட்டாரங்களிலும் இதே ஏற்பாடுதான். வன அலுவலர்களைக் குறை சொல்லவில்லை. நீர், விதை, கொள்முதல் மூன்றிலும் உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இல்லையே என்றுதான் சொல்கிறேன்.

கொள்முதல் என்றதும் 2021 ஜனவரி ஞாபகம் வருகிறது. அறுவடைக்கு நின்ற சம்பா பருவம் தப்பிய மழையில் சாய்ந்து முளைத்தது. சப்-1 அதற்கு மருந்தல்ல. அங்கே உலர்த்தும் இயந்திரமும் தார்ப்பாயும் வேண்டும், கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பைத் தளர்த்தும் முடிவு உடனே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை நெல் சாலையில் கிடக்கிறது.

இதற்காகப் புதிதாக ஒரு குழு போட வேண்டாம், தயவுசெய்து. மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டம் போதும். எல்லாத் துறையும் விவசாயிகளுக்கு முன்னால் உட்காருகிற இடம் அது ஒன்றுதான். மார்ச் கூட்டத்தில் ஒரே ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: எந்த வாய்க்கால் எந்தத் தேதிக்குள், எந்த விதை எந்தக் கிடங்குக்கு எப்போது, தண்ணீர் தள்ளிப்போனால் மாற்று ரகம் எது, நவம்பர் 15 பயிர்க் காப்பீட்டுக் கெடுவுக்கு முன் அடங்கல் என்கிற சாகுபடிச் சான்று எந்த ஊரில் என்றைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பு அலுவலரின் பதவி. அடுத்தடுத்த கூட்டங்களில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

நிதி தருகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. எத்தனை விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நவம்பர் மழைக்குப் பிறகு வயல் எத்தனை நாளில் வடிந்தது என்றும் கேளுங்கள். அதை அளக்க ஊருக்கு ஓர் அளவுகோலும், குறித்து வைக்க ஓர் ஆளும் போதும்.