டேகைக் குறைத்தாலும் சரி, குலுக்கிப் போடுங்கள்

நான் டெக்சாஸில் வசிப்பவன். கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ எல்லாமே எனக்கு வெளிமாநிலம். அந்த மாநிலங்களில் எல்க் வேட்டைக்கு எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் டேக் வருடத்துக்கு வருடம் அரிதாகிக்கொண்டே போகிறது. அதைக் குறைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. குறைத்த டேகை யாருக்கு, எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் என் கோபம்.

ஊரில் வேட்டை என்றாலே குற்றம் என்று படித்து வளர்ந்த நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எல்க் நம் மிளாவின் சாயலில், அதைவிடப் பெரிதாக இருக்கும் மான் இனம். 1900 வாக்கில் வட அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இன்று சுமார் பத்து லட்சம். இந்த மீட்சிக்கான செலவில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் லைசென்ஸ் கட்டணத்திலிருந்தும், 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கட்டும் வரியிலிருந்தும் வந்தது. டேக் என்பது ஒரு விலங்குக்கான அனுமதிச் சீட்டு. பெரும்பாலும் எந்தப் பகுதி, எந்த வாரம், ஆணா பெண்ணா என்பது வரை அதில் எழுதியிருக்கும்.

வேறெந்த மாநிலத்தையும்விட அதிக எல்க் இருப்பது கொலராடோவில். வில் வேட்டைக்கு வெளிமாநிலத்தவர் அங்கே கடையில் நேராகப் போய் டேக் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2025 முதல், எல்க் பெரும்பாலும் வாழும் மேற்குப் பகுதியில் அது நின்றுவிட்டது, இனி விண்ணப்பம் போட்டுத்தான் டேக். ஐடஹோவில் முன்பு டிசம்பர் 1-ஆம் தேதி இணையத்தில் வரிசை கட்டி நிற்போம், சில மணி நேரத்தில் நல்ல பகுதிகள் தீர்ந்துவிடும். 2026 டேகுகளிலிருந்து அங்கேயும் விண்ணப்பம் போட்டுக் குலுக்கல்தான். மொன்டானாவில் வெளிமாநிலத்தவருக்கான எல்க் லைசென்ஸுக்குச் சட்டமே 17,000 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, கேட்பவர்கள் எத்தனை பேர் வந்தாலும்.

கேட்பவர்கள் ஏன் இப்படிப் பெருகினார்கள்? கோவிட் காலத்தில் காட்டுப் பக்கம் திரும்பியவர்கள் பலர். எது அரசு நிலம், எது தனியார் நிலம் என்று வேலி வரை காட்டும் செயலிகள் போனிலேயே வந்துவிட்டன. முன்பு உள்ளூர் ஆள் துணையில்லாமல் துணியாதவர்கள் இப்போது தனியாகக் கிளம்புகிறார்கள். 2018-இல் கொலராடோ, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாமல் விண்ணப்பிக்கலாம் என்றது. விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரே ஆள் நான்கைந்து மாநிலங்களில் போட்டுவைப்பதும் சாதாரணமாகிவிட்டது. இதே காலத்தில் ஐடஹோவின் போய்சி, மொன்டானாவின் போஸ்மன் போன்ற ஊர்களில் குடியேறியவர்களும் அதிகம். அவர்களும் உள்ளூர்க்காரர்களாகி டேக் கேட்கிறார்கள்.

"காட்டு நிலம் மத்திய அரசுடையது, எங்கள் வரியும் அதில் இருக்கிறது, பிறகு எங்களை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று என் வேட்டை நண்பர்கள் கேட்கிறார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்பது சரி. அதில் மேயும் எல்க்கை நிர்வகிப்பது மாநிலம். 1978-இல் பால்ட்வின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொழுதுபோக்குக்காக எல்க் வேட்டையாடுவது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல, வெளிமாநிலத்தவரிடம் மொன்டானா அதிகம் வாங்குவது செல்லும் என்றது. பிறகு வெளிமாநிலத்தவருக்கான டேகுக்கு அரிசோனா வைத்த 10 சதவீத வரம்பைக் கீழ்நிலை நீதிமன்றம் ஒன்று கேள்விக்குள்ளாக்கியபோது, 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே சட்டம் போட்டு மாநிலங்களின் அதிகாரத்தை உறுதிசெய்தது. சட்டத்தை விடுங்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான். எல்க் கூட்டம் வேலியை உடைத்து வைக்கோலைத் தின்றுவிட்டுப் போனால் இழப்பு அங்கே இருக்கும் பண்ணைக்காரருக்கு. குறைந்த சம்பளத்தோடும் நீண்ட பனிக்காலத்தோடும் அந்த மலைகளுக்கு நடுவே வாழ்பவருக்கு முதல் உரிமை கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன்.

நான் எதிர்ப்பது பாயிண்ட் முறையை. டேக் கிடைக்காத ஒவ்வொரு வருடமும் ஒரு பாயிண்ட் சேரும், அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவருக்கே முதல் டேக். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு யூனிட்டில், அதாவது வேட்டைக்காக மாநிலம் பிரித்து வைத்த ஒரு பகுதியில், வெளிமாநிலத்தவருக்கு வருடம் பத்து டேக் என்றும், வரிசையின் தலையில் இருநூறு பேர் சம பாயிண்டோடு நிற்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தீரவே இருபது வருடம் ஆகும். அதற்குள் தேவையான பாயிண்டும் ஏறிக்கொண்டே போகும். கொலராடோவின் வடமேற்கில் 2, 10, 201 போன்ற யூனிட்டுகளில் இருபதுக்கு மேல் பாயிண்ட் வைத்திருப்பவர்களே காத்திருக்கிறார்கள். இன்று தொடங்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அங்கே எப்போது டேக் கிடைக்கும்? வாழ்நாளில் கிடைக்காமலே போகலாம். அது தெரிந்தும் வருடா வருடம் அவளிடம் பாயிண்டை விற்கிறார்கள். வயோமிங்கில் ஒரு எல்க் பாயிண்ட் 52 டாலர். அரிசோனாவில் குலுக்கலில் பெயர் போடவே வெளிமாநிலத்தவர் 160 டாலர் லைசென்ஸ் வாங்க வேண்டும், டேக் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. வராத டேகின் பெயரில் ஓர் அரசுத் துறை இப்படிப் பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட மோசமானது விலையை வைத்து வரிசை பிரிப்பது. வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான எல்க் டேக் சாதாரண விலையில் 692 டாலர், சிறப்பு விலையில் 1,950 டாலர். விலங்கும் யூனிட்டும் ஒன்றுதான். அதிகம் கட்டுபவர்களுக்கென்று 40 சதவீத டேகை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அதே மாநிலத்தில், வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் நான் தனியாக நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். எல்க் வேட்டை என்றால் மட்டும் உள்ளூர் ஆள் ஒருவர் துணைக்கு இல்லாவிட்டால் காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்த வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். துப்பாக்கி இல்லாமல் போனால் கரடி விட்டுவிடுமா? நியூ மெக்சிகோ குலுக்கலில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் வழிகாட்டி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு, வழிகாட்டி இல்லாமல் சொந்தமாக வரும் வெளிமாநிலத்தவருக்கு 6. அப்புறம் நில உரிமையாளர்களுக்குப் போகும் டேகுகள் தனி. அவை ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன.

நான் இதில் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் டெக்சாஸ். இங்கே சுமார் 95 சதவீத நிலம் தனியாருடையது. மான் வேட்டைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் யாரிடமாவது காசு கொடுத்து லீஸ் எடுக்க வேண்டும், வசதியில்லாதவன் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். சாதாரணச் சம்பளக்காரன் பூட்ஸை மாட்டிக்கொண்டு யாரிடமும் கேட்காமல் நுழையக்கூடிய மலை மேற்கில்தான் மிச்சமிருக்கிறது. அங்கேயும் பணம் உள்ளவனுக்கு ஒரு வரிசை, இல்லாதவனுக்கு ஒரு வரிசை என்றால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பொது நிலத்துக்காக வெளியூர்க்காரர்களும் போராடியிருக்கிறார்கள். வயோமிங்கின் எல்க் மலையில் தனியார் நிலத்தை மிதிக்காமல், ஒரு பொது நிலத்தின் மூலையிலிருந்து அதைத் தொடும் அடுத்த பொது நிலத்தின் மூலைக்குத் தாண்டியதற்காக வழக்கில் சிக்கிய நான்கு பேரும் மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். அதன் பலன் வயோமிங்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

வருமானம் குறைந்தால் வனவிலங்குத் துறை எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். கொலராடோவில் என் எல்க் டேகின் விலை உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அவர்களுக்கு அதிக டேக் வேண்டுமென்றால் அவர்களும் இன்னும் கொஞ்சம் அதிகம் கட்டட்டும். எங்களுக்கான பங்கை இன்னும் குறைக்கட்டும். மிச்சமிருப்பதை ஒரே விலையில், பாயிண்ட் இல்லாமல், எல்லோர் பெயரையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கட்டும். நல்ல யூனிட்டில் ஆண் எல்க் டேக் கிடைத்தவர் சில வருடம் ஒதுங்கி நிற்கட்டும். ஐடஹோவும் நியூ மெக்சிகோவும் பாயிண்ட் இல்லாமல்தானே நடத்துகின்றன?

இருபது வருடமாகப் பாயிண்ட் சேர்த்தவர்களை ஏமாற்றுவதா என்ற கேள்விக்கு மட்டும் எளிய பதில் கிடையாது. அவர்களும் அரசின் வாக்கை நம்பிக் கட்டியவர்கள். ஒரே நாளில் அழிக்காமல் படிப்படியாகக் குறைக்கலாம். கொலராடோ 2028 முதல் பாதி டேகைப் பாயிண்ட் வரிசைக்கும் மறுபாதியைக் குலுக்கலுக்கும் பிரிக்கப்போகிறது. அந்தக் குலுக்கலிலும் பாயிண்டுக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் புதிதாக வருபவருக்கு ஒரு கதவாவது திறக்கிறது. வயோமிங் எல்க்கில் இன்னும் நான்கில் மூன்று பங்கு பாயிண்டுக்கே போகிறது. அவர்களும் பாதியாக்கட்டும், அதற்கு முன் அந்த 1,950 டாலர் வரிசையை எடுத்துவிடட்டும்.