மொட்டைப் பனையை விட்டுவையுங்கள்

தலை போன பனையைப் பார்த்தாலே "சும்மாதானே நிக்குது" என்று வெட்டிச் சாய்த்துவிடுகிறோம். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது, ஆனால் பட்ட மரம் என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு இதில்தான் கோபம். பச்சைக்கிளிக்கு அந்த மொட்டைப் பனைதான் பிரசவ வீடு.

கிளி பெரும்பாலும் தானாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தி கொத்திவிட்டுப் போன ஓட்டையையோ உளுத்துப்போன பொந்தையோ தேடிப் பிடித்து, வாசலை அலகால் கொஞ்சம் அகலப்படுத்திக் குடியேறும். அதற்கும் மைனாவோடும் ஆந்தையோடும் சண்டை போட வேண்டும். தை, மாசி மாதங்களில் பொந்துள்ள பனையடியில் காலையில் நின்று பாருங்கள். ஆண் கிளி வந்து பொந்தின் ஓரத்தில் தொற்றிக்கொள்ளும், உள்ளேயிருந்து பெட்டையின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும், ஆண் தலையை மேலும் கீழும் ஆட்டித் தின்றதைக் கக்கி அதன் வாயில் ஊட்டும். கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் ஆணுக்குத்தான், அதுவும் தெளிவாக வர மூன்று வயதாகிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் பெட்டை அடைகாக்கும், கண் திறக்காமல் ரோமமில்லாமல் பிறக்கும் குஞ்சுகள் பறக்க இன்னும் ஏழு வாரம் போல ஆகும்.

அந்த ஏழு வாரத்துக்குள்தான் மரமேறிப் பொந்தில் கைவிட்டுக் குஞ்சுகளை அள்ளிப்போய் விற்கிறார்கள். வாங்குபவர்கள் அன்பாகத்தான் வளர்க்கிறோம் என்பார்கள். சரி, அன்பாகவே இருக்கட்டும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 2022 திருத்தத்தில் பச்சைக்கிளி, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

கிளிதான் எங்கேயும் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். மொரீஷியஸில் இதன் உறவான எக்கோ கிளி, காடும் பொந்துள்ள கிழட்டு மரங்களும் அழிந்து, 1980களில் பத்துப் பன்னிரண்டு பறவைகளாகச் சுருங்கிப்போனது. போதாக்குறைக்கு அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நம்ம பச்சைக்கிளியும் பொந்துக்குப் போட்டிக்கு வந்தது. மரப்பெட்டி மாட்டி, தீனி வைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துத்தான் எக்கோ கிளியைச் சில நூறுகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

சோளமும் கம்பும் போட்டவர்களுக்குக் கிளியால் வரும் நட்டம் நிஜம், தின்பதைவிடக் கொறித்து உதிர்ப்பதுதான் அதிகம். அதற்குக் காவல் போடுங்கள், சத்தம் கொடுங்கள், மரத்தின் மேல் கோபத்தைக் காட்டாதீர்கள். வீட்டுமேல் சாயும் நிலையில் இருக்கும் மரம் என்றால்கூட, உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைகாசி கழியும்வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். வரப்போரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கும் மரம் அப்படியே நிற்கட்டும்.