மிச்சத் தீனை மீன் பிறகு தின்னும் எண்டு நம்பேலாது

"தொட்டிக்குள்ள எப்பவும் தீன் கிடக்கவேணும், பசிக்கேக்க மீன் தானே எடுத்துத் தின்னும்" எண்டு ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்திலதான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியில்லை. வளர்ந்த கப்பி, மொலி, கோல்ட் ஃபிஷ்ஷுக்கு நாளைக்கு ஒருக்கா அல்லது இரண்டு தரம், 2 நிமிசத்துக்குள்ள தின்டு முடிக்கிற அளவு போதும். குஞ்சுகளுக்கு மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாய் 3, 4 தரம்.

மிச்சம் கல்லிடுக்கில போய் ஊறி, அழுகி, மீனுக்கு நஞ்சான அமோனியாவை விடும். வன்னியில இது இன்னும் கவனிக்கவேண்டிய விசயம். கேத்தலில வெள்ளையாய்ப் படியிற கிணத்துத் தண்ணி பெரும்பாலும் பிஎச் (தண்ணியின்ர அமில, காரத் தன்மையின்ர அளவு) 7க்கு மேலதான். பிஎச் 8 எண்டால், அதே அளவு அமோனியாவில நஞ்சாய் நிக்கிற பங்கு பிஎச் 7இல் இருக்கிறதைப்போல கிட்டத்தட்டப் பத்து மடங்கு. வெக்கை கூடினால் அதுவும் கூடும்.

நீங்களே பாக்கலாம். பில்டரை நிப்பாட்டி ஒரு சின்னச் சிட்டிகை போடுங்கோ, மணிக்கூட்டைப் பாத்து 2 நிமிசம் விட்டு, பில்டரைத் திரும்பப் போடுங்கோ. கீழ விழுந்ததில கொஞ்சத்தை எடுக்காமல் விட்டு, அடுத்தநாள் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ: பெரும்பாலும் அது ஊதிக் கிடக்கும், சிலவேளை பஞ்சுபோலப் பூஞ்சணமும் பிடிச்சிருக்கும். அமோனியா டெஸ்ட் கிட் இருந்தால் தீன் போடமுதல் ஒருக்கா, மறுநாள் ஒருக்கா அளந்து பாருங்கோ; ஆரோக்கியமான தொட்டியில அது 0 காட்டவேணும். பாத்து முடிய, கிடக்கிறதை ஒரு சின்னக் குழாயால உறிஞ்சி எடுத்துவிடுங்கோ.