படித்தவருக்கு ஒன்றும் தெரியாது என்பது சரியல்ல

“நாலு வருட சிவில் இன்ஜினியரிங் படிப்பு வெறும் சர்டிபிகேட்தான், பத்து வருடம் சைட்டில் நின்றவருக்கு எல்லாமே தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பி வீடு கட்டினால் ஆபத்து.

பால்கனி ஸ்லாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவருக்கு நடுவே போடும் தளத்தில் மெயின் கம்பி அடியில் வரும். பால்கனி போலச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம், அதனால் கம்பியும் மேலேதான் வர வேண்டும். நூறு தளம் போட்ட கை, பழக்கத்தில் அடியில் கட்டிவிட்டால் சென்ட்ரிங் பிரிக்கும் அன்றே விழலாம். ஏன் மேலே என்பதைச் சொல்லித்தருவது படிப்பு.

அப்புறம் சைட் எனக்குச் சொல்லித்தந்ததையும் சொல்கிறேன். முதல் வேலையில் கம்பியை மேலே கட்டச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் அதன்மேலேயே நடந்தார்கள், கம்பி கீழே இறங்கிக்கொண்டே போனது. கம்பி கட்டும் அண்ணன் ஒருவர்தான் வேலையை நிறுத்தி, மேல் கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பி கொடுத்து, நடக்கப் பலகை போட்டார். அது எந்த வகுப்பிலும் எனக்கு வரவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.5 என்றால் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. “இறுகலாக இருக்கு, இன்னும் ஒரு வாளி ஊத்து” என்பது அனுபவம் இல்லை, பழக்கம். அந்த வாளியின் விலை 28ஆம் நாள், வலிமை பார்க்க அதே கான்கிரீட்டில் வார்த்து வைத்த கியூபை உடைக்கும்போதுதான் தெரியும்.