மாமாவும் பேர்ண் நகரத்து மணற்கல்லும்

சுவிஸுக்குச் சொந்தக்காரர் யாராவது வந்தால் நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். முதல்நாள் றைன் நீர்வீழ்ச்சி, மறுநாள் யுங்ஃப்ராவ் பனிமலை, மூன்றாம் நாள் சொக்லேட் கடை. பனியில் நின்று எடுத்த படம் வட்ஸ்அப்பில் போனதும் கடமை முடிந்தது. நானும் பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்துவந்தேன். போன கோடையில் மாமா வந்தபோது அது சரிவரவில்லை. அவருக்குப் பிரஷர், அவ்வளவு உயரம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் பேர்ண் பழைய நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

மாமா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவர். ஊரே அண்ணாந்து பார்க்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை அவர் கவனிக்கவே இல்லை. பக்கத்துச் சுவரில் கையை வைத்துத் தடவினார், நகத்தால் மெல்லச் சுரண்டினார். "உது என்ன கல்லடா தம்பி? எங்கட பொழிகல் மாதிரி இல்லை, மெத்தெண்டு கிடக்கு."

அந்தச் சுவர்களைக் கடந்துதான் ஏழு வருடம் ஒரு உணவகச் சமையலறைக்கு வேலைக்குப் போனேன். என்ன கல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிரவு தேடிப் படித்தேன். 1191இல் உருவான இந்த ஊர் 1405இல் பெரும் தீயில் எரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் மரவீடுகள் போய்ப் படிப்படியாக மணற்கல் வீடுகள் வந்தன. பச்சை கலந்த சாம்பல் நிறம், மழையிலும் பனியிலும் உதிர்கிற கல். பெரிய தேவாலயத்தை 1421இல் கட்டத் தொடங்கி, 100 மீற்றர் கோபுரத்தை 1893இல்தான் முடித்தார்கள். கல்வேலை இன்றைக்கும் ஓயவில்லை. மாமாவுக்கு இதைச் சொன்னேன். "நல்ல தொழில், முடியவே முடியாது" என்றார். பொறாமைப்பட்டாரோ தெரியவில்லை.

வீடுகளுக்குக் கீழே கடைவாசல்களை ஒட்டி ஓடும் மூடிய நடைபாதைகள் மொத்தம் 6 கிலோமீற்றர் வரும். அதைப் பார்த்ததும் தெருவுக்கு மேலே கூரை போட்ட பருத்தித்துறை தெருமூடிமடம் அவருக்கு நினைவு வந்துவிட்டது. "அதைப் பிடிச்சு இழுத்து விட்டிருக்கிறாங்கள்!" மழையோ பனியோ, குடை இல்லாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகலாம். 1983இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நடைபாதைகளுக்கும் பங்கு உண்டு.

தேவாலயத்தின் பக்கத்தில் உயரமான ஒரு மேடைத் தோட்டம். மரநிழலில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். 1528இல் மதச் சீர்திருத்தம் வந்தபோது உடைத்தெறிந்த சிலைகளை இந்த மேடைக்குள்தான் மண்ணோடு மண்ணாகக் கொட்டியிருக்கிறார்கள். 1986இல் தோண்டியபோது அவை வெளியே வந்தன, இப்போது நகரத்து வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் ரோஜாத் தோட்டமும் இப்படித்தான்: 1765 முதல் 1877 வரை அது சவக்காலை. 1913இல்தான் பூங்காவானது. இதைச் சொன்னதும் மாமா இருந்த வாங்கிலிருந்து எழும்பிவிட்டார். பிறகு ஆறு வளைந்து ஊரைச் சுற்றிப்போகும் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே வாங்கில் உட்கார்ந்தார்.

'காசு இருக்கிறது, பழையதை வைத்திருக்கிறார்கள்' என்று எங்கள் ஆட்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் உண்மை. திரும்பி வரும் வழியில் ஒரு வெறுங்காணியில் உயரமான கம்பங்கள் நட்டிருந்தன. "ஆர் வீட்டுக் கலியாணப் பந்தல்?" என்று கேட்டார் மாமா. பந்தல் இல்லை. புதிதாகக் கட்டிடம் கட்டும் முன், அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வரும் என்று அந்த இடத்திலேயே கம்பம் நட்டுக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு அயலவர் ஆட்சேபிக்கலாம். சிலர் இதை வைத்தே வருடக்கணக்காக இழுத்தடிப்பார்கள், அதுவும் உண்மை.

என் மகள் பள்ளியிலிருந்து தங்கத்தாள் சுற்றிய சொக்லேட் காசுகளோடு வீடுவீடாக விற்கக் கிளம்பியபோது, ஏதோ சுற்றுலாவுக்குக் காசு சேர்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது 1946இல் தொடங்கிய வழக்கமாம். சில்ஸ் என்ற ஏரியை மின்திட்டத்திலிருந்து காப்பாற்றத் தொடங்கியது. போர் முடிந்து சொக்லேட் பங்கீட்டில் கிடைத்த காலம் அது! பிறகு இயற்கைக்கும் பழைய கட்டிடங்களுக்கும் அந்தப் பணம் போனது.

இதை நடத்திய அமைப்புகளில் ஒன்றான ஹைமாட்ஷுட்ஸ், பழைய கட்டிடங்களைக் காக்கும் சங்கம். தன் கட்டிட மரபை நன்றாகப் பேணும் ஓர் ஊருக்குப் பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்றாக 1972இலிருந்து வாக்கர் பரிசு கொடுக்கிறது. தொகை 20,000 பிராங்க்தான். முதல் பரிசு றைன் ஆற்றங்கரை ஊரான ஸ்டைன் அம் றைனுக்கு. சுவரெல்லாம் ஓவியம், அழகுதான். ஆனால் எனக்கு அது கொஞ்சம் மிட்டாய்ப்பெட்டி மாதிரி. 2022இல் ஜெனீவாப் பக்கத்து மெய்ரானுக்குக் கொடுத்தார்கள். 1960களின் அடுக்குமாடிகள், பல நாட்டுக் குடியேறிகள் வாழும் ஊர். அதையும் மரபு என்று எண்ணுகிறார்களே, அங்கேதான் எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்தது.

அடுத்த மாதம் மனைவியின் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. யுங்ஃப்ராவுக்கு ரிக்கற் ஏற்கனவே எடுத்துவிட்டார்கள். ஒரு காலைப்பொழுதை மட்டும் எனக்கு விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.